ஹைஃபையில் பாடும் சிடி கணினியில் ஏன் பாடுவதில்லை?

பழைய ஹைஃபையில் போட்டால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை சுத்தமாகப் பாடுகிறது. அதே சிடியைக் கணினியில் போட்டால் டிரைவ் உறுமுகிறது, பாட்டு விட்டுவிட்டு வருகிறது, அல்லது ஏதோ ஒரு மென்பொருளை நிறுவச் சொல்லி ஒரு பெட்டி திறக்கிறது. சட்ஸ்வர்த், பீனிக்ஸ், மெரிபேங்க் என்று டர்பனைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளில் இந்தப் புகார் மறுபடி கிளம்பக் காரணம் இருக்கிறது. புதிய மடிக்கணினிகளில் சிடி டிரைவே வருவதில்லை. யூஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் ஒன்றை வாங்கி, அலமாரியில் கிடக்கும் பக்திப் பாடல், சினிமாப் பாடல் சிடிகளை எல்லாம் கைபேசிக்கு மாற்றிவிடலாம் என்று உட்காருகிறவர்கள் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள்.

போதாக்குறைக்கு, தென்னாப்பிரிக்காவின் பதிப்புரிமைத் திருத்த மசோதா பற்றிய செய்திகளும் வந்துகொண்டிருக்கின்றன. காசு கொடுத்து வாங்கிய சிடியை நானே நகலெடுத்தால் குற்றமா என்ற கேள்வியும் இதோடு சேர்ந்துகொள்கிறது. தட்டின் கோளாறு, நகல் தடை, டிவிடியின் மண்டலக் குறியீடு, சட்டம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று கலந்துதான் இவ்வளவு குழப்பம். ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

சிடிக்குள் பூட்டே கிடையாது

இசைச் சிடி எப்படி இருக்க வேண்டும் என்பதை பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்கள் 1980இல் ஒரு தர ஆவணமாக வகுத்தன. அதன் அட்டை நிறத்தை வைத்து ‘ரெட் புக்’ என்று அதற்குப் பெயர். விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாக (பிட் என்பது 0 அல்லது 1), இடது வலது என்று இரண்டு தடங்களில் எழுத வேண்டும். ஒரு விநாடிப் பாட்டுக்கு 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பிட்டுகள். இந்த எண்கள், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றும் மறைகுறியாக்கம் எதுவும் இல்லாமல் திறந்தபடியே தட்டில் கிடக்கின்றன.

அன்று யாருக்கும் பூட்டு தேவைப்படவில்லை. 1983இல் வந்த ஐபிஎம் எக்ஸ்டி கணினியின் ஹார்ட் டிஸ்க் 10 மெகாபைட் கொண்டது. ஒரு சிடியிலோ 600 மெகாபைட்டுக்கு மேல் இருக்கும். அதைக் கணினியில் நகலெடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. தட்டில் ‘நகலெடுக்கலாம் / கூடாது’ என்று சொல்ல ஒரே ஒரு பிட் மட்டும் ஒதுக்கினார்கள். வீட்டு டிஜிட்டல் ரெக்கார்டர்கள் அதை மதித்தன. பின்னால் வந்த கணினி டிரைவ்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

1990களின் கடைசியில் நிலைமை தலைகீழானது. சிடி எழுதும் டிரைவ் மலிவானது, பாட்டைச் சிறிய கோப்பாகச் சுருக்கும் எம்பி3 வந்தது, அந்தக் கோப்புகளை இணையத்தில் பகிர்ந்துகொள்ள 1999இல் நாப்ஸ்டர் வந்தது. இசை நிறுவனங்கள் விழித்துக்கொண்டபோது உலகமெங்கும் கோடிக்கணக்கான பிளேயர்கள் விற்றுப் போயிருந்தன. பாட்டை மறைகுறியாக்கினால் அந்தப் பிளேயர்களில் ஒன்றுகூடப் பாடாது. இந்த விஷயம் முழுவதற்கும் சாவி இங்கேதான் இருக்கிறது: பாட்டைப் பூட்ட முடியாது என்பதால், வாங்கியவரின் கணினியைப் பூட்டப் பார்த்தார்கள்.

பூட்டைப் போட்ட மூன்று இடங்கள்

சாதாரண பிளேயரும் கணினி டிரைவும் தட்டைப் படிக்கும் விதத்தில் சில வேறுபாடுகள் உண்டு. நகல் தடை முறைகள் அனைத்தும் அந்த வேறுபாடுகளுக்குள் புகுந்துகொண்டவைதான்.

1. பொருளடக்கத்தைக் குழப்புவது. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல் தட்டின் உள்விளிம்பில் இருக்கும். ஒரே மூச்சில் எழுதப்பட்ட பகுதியை செஷன் என்பார்கள். இசை பிளேயருக்கு முதல் செஷன் மட்டுமே தெரியும். கணினி டிரைவ் கடைசி செஷனைத் தேடிப் போகும். எனவே வெளிவிளிம்பில் பொய்யான தகவலோடு இரண்டாவது செஷன் ஒன்றை எழுதிவிட்டால் பிளேயர் பாடும், கணினி தடுமாறும். சோனியின் தட்டு தயாரிப்புப் பிரிவு உருவாக்கிய கீ2ஆடியோ முறை இந்த வகை. 2002 மே மாதம் இதன் மானம் போனது. வெளிவிளிம்பில் அந்த இரண்டாவது செஷன் இருக்கும் வளையத்தை மார்க்கர் பேனாவால் கறுப்படித்தால் கணினியும் ஒழுங்காகப் படித்துவிடுகிறது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. பெரும் செலவில் செய்த பாதுகாப்பு, சில ராண்டு பெறாத பேனாவிடம் தோற்றது.

2. வேண்டுமென்றே பிழை எழுதுவது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வாங்கியவருக்கு நீண்ட காலச் சேதம் இதனால்தான். சிடியில் ஒவ்வொரு 24 பைட் ஒலிக்கும் 8 பைட் பிழைதிருத்தத் தகவல் சேர்த்து எழுதப்படும். தட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு தொடர்வது அதனால்தான். திருத்தவே முடியாத அளவுக்குப் பிழை இருந்தால் இசை பிளேயர் முன்னும் பின்னும் உள்ள அளவுகளைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்து நிரப்பிவிடும். காதுக்குத் தெரியாது. ஆனால் பாட்டைக் கோப்பாக எடுக்கும்போது பல கணினி டிரைவ்கள் அப்படி ஊகிப்பதில்லை. திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும், வேகம் குறையும், கடைசியில் சடசடவென்று இரைச்சலோடு கோப்பைக் கொடுக்கும். இஸ்ரேலின் மிட்பார் நிறுவனம் செய்த கேக்டஸ் டேட்டா ஷீல்ட் இப்படிப் பிழைகளைத் திட்டமிட்டுப் புகுத்தியது. கீறலைச் சமாளிக்க வைத்திருந்த கையிருப்பில் ஒரு பங்கை இது ஆரம்பத்திலேயே செலவழித்துவிடுகிறது. புதிதாக இருக்கும்போது ஹைஃபையில் பாடிய தட்டு, நாலு கீறல் விழுந்ததும் அங்கேயும் தடுக்க ஆரம்பிப்பதற்கு இது காரணமாகலாம். பல கார் ஸ்டீரியோக்களில் உள்ளே இருப்பது கணினி வகை டிரைவ்தான் என்பதால், கணினியே இல்லாதவர்களும் இதில் அடி வாங்கினார்கள்.

3. கணினியில் மென்பொருளை இறக்குவது. தட்டில் பாட்டோடு கூட ஒரு தரவுப் பகுதி இருக்கும். விண்டோஸ் அதைக் கண்டதும் தானாக ஓட்டும். ஓடும் மென்பொருள் கணினிக்குள் உட்கார்ந்துகொண்டு, அந்தத் தட்டை வேறு எந்த நிரலும் நேராகப் படிக்க விடாமல் தடுக்கும். அமெரிக்காவின் சன்காம் நிறுவனம் செய்த மீடியாமேக்ஸ் இப்படித்தான் வேலை செய்தது. 2003 அக்டோபரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மன், தட்டைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் அந்த மென்பொருள் ஓடுவதே இல்லை என்று எழுதினார். நிறுவனம் வழக்குப் போடுவதாக மிரட்டி, மறுநாளே பின்வாங்கியது.

முதல் இரண்டிலும் ஒரே குறைதான். ரெட் புக் தரத்தை மீறினால் ஒழிய தடை வேலை செய்யாது. மீறினாலோ எந்தக் கருவியில் பாடும், எதில் பாடாது என்று தயாரித்தவருக்கே தெரியாது. 2002இல் ஐரோப்பாவில் பாடகி செலின் டியோனின் ஆல்பம் ஒன்று கீ2ஆடியோவுடன் வந்தபோது, சில ஆப்பிள் கணினிகளில் தட்டு உள்ளேயே சிக்கிக்கொண்டது, கணினியும் மறுபடி கிளம்பவில்லை. இவை சிடியின் தரத்துக்கு உட்படாத தட்டுகள், நாங்கள் டிரைவைத் தரத்துக்கு ஏற்பத்தான் செய்கிறோம் என்று ஆப்பிள் கையை விரித்தது. சிடியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பிலிப்ஸும் இப்படிப்பட்ட தட்டுகளில் ‘காம்பாக்ட் டிஸ்க்’ சின்னத்தைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டது.

2005: பாட்டுத் தட்டுக்குள் வந்த ரூட்கிட்

மூன்றாவது வகை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு சோனி பிஎம்ஜி இசை நிறுவனத்தின் விவகாரம்தான் சாட்சி. பிரிட்டனின் ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட் நிறுவனம் செய்த எக்ஸ்சிபி என்ற மென்பொருளை சோனி பிஎம்ஜி 52 ஆல்பங்களில் சேர்த்திருந்தது. விற்றுப் போன தட்டுகள் இருபது லட்சத்துக்கு மேல்.

2005 அக்டோபர் 31 அன்று விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச், தன் கணினியில் ஏதோ ஒளிந்திருப்பதைக் கண்டு துருவிப் பார்த்து, அது ஒரு பாட்டுச் சிடியிலிருந்து வந்தது என்று வெளியிட்டார். ரூட்கிட் என்பது கணினியின் அடித்தட்டில் உட்கார்ந்து, தன்னையும் தான் சொல்லும் கோப்புகளையும் பயனரின் கண்ணுக்கும் வைரஸ் தடுப்பான் கண்ணுக்கும் படாமல் மறைக்கும் மென்பொருள். எக்ஸ்சிபி, டாலர் குறிகளுக்கு நடுவே மூன்று எழுத்து கொண்ட ஒரு முன்னொட்டோடு பெயர் தொடங்கும் எதையும் மறைத்தது. தன் கோப்புகளை மட்டும் மறைத்திருந்தால்கூடத் தப்புதான். இதுவோ அந்த முன்னொட்டைப் போட்டுக்கொண்டு யார் வந்தாலும் மறைத்தது. இரண்டு வாரத்துக்குள் வைரஸ் எழுதுகிறவர்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். இணைய விளையாட்டில் ஏமாற்றுகிறவர்கள் அவர்களுக்கும் முன்பே தங்கள் ஏமாற்று நிரல்களை அதன் நிழலில் ஒளித்துவிட்டார்கள்.

வாங்கியவருக்கு இதன் விளைவுகள்:

1. தட்டை வெளியே எடுத்த பிறகும் மென்பொருள் பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்தது. அதை நீக்க ஒரு வழியும் வைக்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் கோப்புகளைக் கையால் அழித்தால், கணினியிலிருந்து சிடி டிரைவே காணாமல் போனது.

2. புகார் குவிந்த பிறகு நிறுவனம் இணையத்தில் ஒரு நீக்கும் கருவியைக் கொடுத்தது. அதைப் பயன்படுத்திய கணினியில், எந்த இணையதளமும் உள்ளே புகுந்து நிரல் ஓட்டும்படி ஒரு ஓட்டை திறந்திருப்பதை பிரின்ஸ்டனின் எட் ஃபெல்டனும் ஹால்டர்மனும் கண்டுபிடித்தார்கள். நோயைவிட மருந்து மோசம்.

3. தட்டிலிருந்து மூன்று நகல்கள் எடுக்க அது அனுமதித்தது. ஆனால் கொடுத்த கோப்பு வடிவம் அன்று பலர் கையில் இருந்த ஐபாட் பாட்டுக் கருவியில் பாடாது.

நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் அமெரிக்க வானொலியில், பெரும்பாலானோருக்கு ரூட்கிட் என்றால் என்னவென்றே தெரியாது, அப்புறம் அவர்கள் ஏன் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்ற பொருளில் பேசினார். எரிகிற வீட்டில் எண்ணெய். நவம்பர் நடுவில் தட்டுகளைத் திரும்பப் பெற்றார்கள், டெக்சஸ் மாநிலம் வழக்குப் போட்டது, 2007 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையத்துடன் சமரசமாகி, கணினி பாதிக்கப்பட்டவர்களுக்கு 150 டாலர் வரை ஈடு தர ஒப்புக்கொண்டார்கள்.

இவ்வளவும் யாரைத் தடுக்க? இணையத்தில் பாட்டை இலவசமாக இறக்கியவன் கணினிக்கு இதில் ஒன்றும் ஆகவில்லை. கடையில் காசு கொடுத்தவர் கணினிதான் கெட்டது. எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பூட்டினாலும் ஓர் ஆல்பத்துக்கு உலகில் ஒரே ஒரு நல்ல நகல் கசிந்தால் போதும், பூட்டின் வேலை முடிந்தது. இசை நிறுவனங்களுக்கே இது மெல்ல உறைத்தது. 2007 தொடக்கத்தில் இஎம்ஐ இசை நிறுவனம் சிடிகளில் தடை போடுவதை நிறுத்தியது. 2009இல் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் இணையக் கடையும் எல்லாப் பாட்டுகளையும் பூட்டு இல்லாமல் விற்க முன்வந்தது.

கையில் இருக்கும் தட்டு எந்த வகை?

எக்ஸ்சிபி பயம் இன்று பெரும்பாலும் தேவையில்லை. 32 பிட் விண்டோஸுக்காக எழுதப்பட்ட அதன் அடித்தட்டு மென்பொருளை இன்றைய 64 பிட் விண்டோஸ் ஏற்காது. ஆனாலும் பழைய கணினி ஒன்றை வைத்துக்கொண்டு சிடி மாற்றுகிற வீடுகளில் கவனம் வேண்டும். தட்டைப் போட்டதும் எதையாவது நிறுவச் சொன்னால் வேண்டாம் என்று மூடிவிடுங்கள். மீடியாமேக்ஸ் போன்றவை வேண்டாம் என்றாலும் சில கோப்புகளை இறக்கிவைத்த வரலாறு உண்டு, எனவே அப்படிக் கேட்கிற தட்டைப் பழைய விண்டோஸில் மறுபடி போடாமல் இருப்பதே மேல்.

எது தடை, எது வெறும் கோளாறு என்று பிரிக்கச் சில அடையாளங்கள்:

1. 2001இலிருந்து 2006 வரை வெளியான, பெரிய மேலைநாட்டு நிறுவனங்களின் தட்டு என்றால் சந்தேகப்படலாம். அட்டையின் பின்பக்கம் எந்தெந்தக் கருவியில் பாடும் என்று ஒரு கட்டம் போட்டிருந்தால், அல்லது வழக்கமான ‘காம்பாக்ட் டிஸ்க்’ சின்னம் இல்லாவிட்டால் சந்தேகம் வலுக்கும்.

2. கணினியில் பாடுகிறது, பழைய பிளேயரில் பாடவில்லை என்றால் அது நகல் தடையே அல்ல. நூறு பாட்டு, நூற்றைம்பது பாட்டு என்று அட்டையில் போட்டு விற்ற எம்பி3 சிடியாக இருக்கும். அது தரவுத் தட்டு. அதைப் படிக்கப் பழைய பிளேயருக்குத் தெரியாது.

3. எல்லாக் கருவியிலும் ஒரே இடத்தில் தடுக்கினால் கீறல் அல்லது அழுக்கு. மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்துப் பாருங்கள்.

4. ஒரு டிரைவில் வராதது இன்னொன்றில் வரலாம். பிழைகளைக் கையாளும் விதம் டிரைவுக்கு டிரைவ் மாறும். ‘சிடியே கெட்டுவிட்டது’ என்று முடிவு கட்டும் முன் பக்கத்து வீட்டு டிரைவையும் பார்த்துவிடலாம்.

டிவிடி வேறு கதை

கச்சேரி டிவிடி, சினிமா டிவிடி பற்றிய புகார்களையும் சிடியோடு சேர்த்துச் சொல்கிறார்கள். டிவிடியில் உண்மையிலேயே மறைகுறியாக்கம் உண்டு, ஏனென்றால் அது புதிய கருவியோடு பிறந்தது, பழைய பிளேயர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அதோடு மண்டலக் குறியீடும் உண்டு. உலகை ஆறு விற்பனை மண்டலங்களாகப் பிரித்ததில் தென்னாப்பிரிக்கா ஐரோப்பாவோடும் ஜப்பானோடும் 2ஆம் மண்டலத்தில் விழுந்தது. இந்தியா 5ஆம் மண்டலம்.

சென்னைக்குப் போய்வரும்போது வாங்கிவந்த டிவிடி டர்பனில் பாடாமல் போவதற்கு இதுதான் வழக்கமான காரணம். எல்லா மண்டலத்துக்கும் பொதுவாக வெளியான தட்டு என்றால் தொல்லை இல்லை. 5 என்று குறித்த தட்டைக் கணினியில் போட்டால் மண்டலத்தை மாற்றவா என்று கேட்கும். 2000க்குப் பிறகு வந்த டிரைவ்களில் ஐந்து முறைதான் மாற்றலாம். கடைசி முறை எதில் நின்றதோ அதிலேயே டிரைவ் உறைந்துவிடும், விண்டோஸை மறுபடி நிறுவினாலும் இளகாது, ஏனென்றால் கணக்கு டிரைவின் உள்ளேயே இருக்கிறது. இந்தியத் தட்டுகள் நிறைய வைத்திருப்பவர்கள் மலிவான இன்னொரு வெளி டிரைவை வாங்கி 5இல் நிரந்தரமாக வைத்துவிடுவது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் நம்மில் பலர் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். தென்னாப்பிரிக்காவில் நடைமுறையில் இருப்பது 1978ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், எண் 98. சொந்த உபயோகத்துக்காக நியாயமான அளவில் பயன்படுத்தலாம் என்ற விலக்கு அதன் 12ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் ஒலிப்பதிவுகளுக்கு எந்தெந்த விலக்குகள் பொருந்தும் என்று சொல்லும் 17ஆம் பிரிவு, விமர்சனம், செய்தி போன்றவற்றுக்கான விலக்கைச் சேர்த்துவிட்டு, சொந்த உபயோக விலக்கை விட்டுவிட்டது. எழுத்துப்படி பார்த்தால், உங்கள் சிடியை உங்கள் கைபேசிக்கு மாற்றுவதற்கே அனுமதி இல்லை. வீட்டில் உட்கார்ந்து மாற்றுகிறவரை யாரும் தேடி வரப் போவதில்லை என்பது வேறு விஷயம். நகலை விற்பதும் பரப்புவதும் கண்டிப்பாக ஆபத்து.

பூட்டை உடைக்கும் கருவிகள் பற்றி 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டத்தின் 86ஆம் பிரிவு பேசியது. தரவைக் காக்கும் பாதுகாப்பை மீறுவதற்கென்றே செய்த கருவியை விற்பதும் பயன்படுத்துவதும் குற்றம் என்றது. பின்னர் அதன் இடத்தை 2020ஆம் ஆண்டின் இணையக்குற்றச் சட்டம் எடுத்துக்கொண்டது. அனுமதியில்லாமல் ஒருவர் கணினியில் புகுந்து மாற்றம் செய்வதும் இதே சட்டங்களில் குற்றம்தான். எக்ஸ்சிபி போன்ற ஒன்று இன்று இங்கே ஒரு பாட்டுத் தட்டில் வந்தால், கூண்டில் ஏற வேண்டியது தட்டை வாங்கியவர் அல்ல என்பது என் எண்ணம்.

திருத்த மசோதா, சட்டப்படி வாங்கிய படைப்பைச் சொந்த உபயோகத்துக்காக வேறு கருவிக்கு மாற்றிக்கொள்ள இடம் தருகிறது, பாதுகாப்புப் பூட்டுகள் பற்றியும் விலக்குகளோடு பேசுகிறது. 2024 தொடக்கத்தில் தேசிய சபை அதை நிறைவேற்றியது. ஆனால் குடியரசுத் தலைவர் கையெழுத்திடாமல் அந்த ஆண்டு அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பினார். மசோதா சட்டமாகி நடைமுறைக்கு வரும் வரை 1978ஆம் ஆண்டுச் சட்டம்தான் கணக்கு.

காலக்கெடுவையும் தெரிந்துகொள்ளலாம். ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள் பாதுகாப்பு. 2004இல் வெளியான சிடி 2054 கடைசி வரை பாதுகாப்பில் இருக்கும். 1960களில் இங்கே வெளியான கிராமபோன் தட்டுகளின் ஒலிப்பதிவு உரிமை முடிந்துவிட்டது. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி, அது அவர்கள் இறந்த பிறகும் 50 ஆண்டுகள் நீடிக்கும்.

கோவில் பஜனைக் குழுக்களும் உள்ளூர் ஆர்கெஸ்ட்ராக்களும் போட்ட சிடிகளுக்கு இந்தத் தலைவலி குறைவு. சிறு அளவில் செய்த தட்டுகளில் நகல் தடைக்கு யாரும் காசு செலவழித்திருக்க மாட்டார்கள். பதிவு செய்தவரோ, பாடியவரோ, கோவில் நிர்வாகமோ பக்கத்திலேயே இருப்பார்கள். யாரிடம் உரிமை இருக்கிறதோ அவரிடம் நாலு வரியில் எழுதி வாங்கிக்கொண்டால் மாற்றவும் உறவினருக்குக் கொடுக்கவும் தடை இல்லை. இவற்றில் பல, கடையில் வாங்கிய வெற்றுத் தட்டில் கணினி கொண்டு எழுதியவை. அச்சடித்த சிடியைப் போல இவை பிளாஸ்டிக்கில் அச்சான, உலோகம் பூசிய பள்ளங்களில் தகவலை வைப்பதில்லை, ஒளிக்கும் சூட்டுக்கும் வெளிறும் சாயத்தில்தான் வைக்கின்றன. டர்பன் வெயிலில் கார் டேஷ்போர்டில் கிடந்தவை ஏற்கனவே பாதி போயிருக்கும். வெளி டிரைவ் வாங்கியாயிற்று என்றால், இந்தத் தட்டுகளிலிருந்து ஆரம்பியுங்கள்.